தொட்டியின் மூக்கு

செப்டம்பர் 8, திங்கள்

நூல் ஏஜெண்ட் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் டிராயரில் தூங்கியது. இன்று எழுப்பிவிட்டேன். காரணம், நாற்பத்தாறு வயதில் என்னை மறுபடி பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள்.

சின்னவர் காலையில் கூப்பிட்டார். பெரியவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எங்கள் சாயப்பட்டறைக்கு அவர் மகன் கிருபாகர்தான் எல்லாம். நாங்கள் சின்னவர் என்போம். "ரேணுகாக்கா, நம்ம கம்பெனிய மொத்தமா கிளவுடுக்கு மாத்தறமுங்க. கோயமுத்தூர்ல இருந்து ஆள் வர்றாங்க. நீங்க கத்துக்கோங்க. கத்துக்கறத நோட்டுல எழுதி வைங்க, அப்பறம் மத்தவங்களுக்குச் சொல்லித் தரலாம்." வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்: தண்ணீர் எவ்வளவு போகிறது, சாயம் எவ்வளவு, ஆட்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்றெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமாம்.

வந்தவர் பெயர் ஜோயல். முப்பது வயதிருக்கும். எங்கள் சர்வர் அறையைப் பார்த்து முகம் சுளித்தார். பெருந்துறை வெயிலில் ஏசி ஓடும் அறை அது ஒன்றுதான். மேனேஜர் தன் தயிர்சாதத்தை அங்கேதான் வைப்பார்.

"மேடம், இது சொந்தமா ஜெனரேட்டர் வச்சிருக்கற மாதிரி. ஓடினாலும் ஓடாட்டியும் செலவு, ரிப்பேர் ஆனா நீங்கதான் பாக்கணும். கிளவுட்ங்கறது இ.பி. லைன் மாதிரி. மெஷின் எல்லாம் எங்கயோ இருக்கும், வேணுங்கற அளவு எடுத்துக்கலாம், எடுத்த அளவுக்கு பில்."

புரிந்தது. "அப்ப பவர் கட்டும் உண்டாங்க?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாத பிள்ளை.

செப்டம்பர் 10, புதன்

இன்று மானம் போனது. யார் யாருக்கு என்ன யூசர் பெயர் என்று ஜோயல் கேட்டார். ஒரே பெயர்தான், ரேணுகா. பாஸ்வேர்டு சுவரில் சாமி காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. கேட்பாஸ் போடும் வாட்ச்மேன் முதல் சின்னவர் வரை எல்லோரும் ரேணுகாதான். பதினெட்டு வருடமாக இந்தக் கம்பெனி அப்படித்தான் ஓடுகிறது.

"யார் எது பண்ணாலும் உங்க பேர்தானே மேடம் விழும்?"

"எல்லாரும் நம்மாளுங்கதானுங்க."

இனிமேல் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அவரவர் வேலைக்கு வேண்டிய கதவு மட்டும் திறக்கும். எல்லாக் கதவையும் திறக்கும் சாவி சின்னவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மேனேஜருக்குக் கிடையாது. தயிரை இனி எங்கே வைப்பார் என்பதும் தெரியவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம், அதை ஏன் மறைக்க வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

பழைய ஃபைல்கள் மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. இன்றைய பாடம்: அழிப்பது. அழித்தால் உடனே போகாது. ஒரு மாதம் போல ஒளிந்திருக்கும், சாவி உள்ளவர் திரும்ப எடுக்கலாம். அதற்கப்புறம் போனது போனதுதான். ஆனால் யார், எப்போது அழித்தார் என்ற வரி மட்டும் போகவே போகாது. அந்த வரியை அழிக்க சின்னவராலும் முடியாது.

"அது எதுக்குங்க அவ்வளவு?"

"நாளைக்கு யாராவது நான் இல்லன்னு சொல்லக்கூடாது பாருங்க மேடம்."

எங்கள் மேனேஜரை எப்போது பார்த்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கழிவுநீர்த் தொட்டிக்கு மீட்டர் மாட்டினார்கள். தொட்டி மூடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் கையகலப் பெட்டி, பெட்டியின் முகத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சல்லடை. தொட்டிக்குள்ளிருந்து வரும் குழாய் அதற்கு நேராக முடிகிறது.

"இதுதான் தொட்டியோட மூக்கு. விஷவாயு இந்த சல்லடை வழியாத்தான் உள்ள போகும். அளவு உடனே கிளவுடுக்குப் போயிரும். பத்துக்கு மேல போனா எல்லார் போன்லயும் சிவப்பு. கீழ இருந்தா பச்சை. வாரா வாரம் டெஸ்ட் கேஸ் அடிச்சுப் பாருங்க" என்றார் ஜோயல். அந்த டெஸ்ட் கேஸ் சிலிண்டர் வாங்கச் சொல்லிச் சின்னவருக்கு எழுதினேன். தீபாவளி கழிந்து பார்க்கலாம் என்றார்.

தொட்டி வேலை சென்னியப்பனுடையது. போனில் எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இறங்கும் முன் அதில் 'அனுமதி' என்று ஒரு பொத்தான். பச்சை இருந்தால்தான் அது வேலை செய்யும். அவர் மனைவி பாப்பாத்தி எங்கள் மடிப்புப் பிரிவில் இருக்கிறாள். மதியச் சாப்பாடு எனக்கும் அவளுக்கும் ஒரே பாய்தான்.

"ரேணுக்கா, என்ற வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் போனை வெச்சுட்டு பச்சை பச்சைங்கறாரு. எங்கூடப் பேசக்கூட நேரமில்லைங்க்கா" என்றாள்.

"உன்னயப் பாத்தா செவப்பு எரியுதோ என்னமோ?" என்றேன். புரையேறும் வரை சிரித்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறை முழுக்கக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, திருஷ்டிப் பூசணி உடைத்து... கால் இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை. சந்தனக் கிண்ணம் வருடா வருடம் என் பொறுப்பு. பாய்லர், ட்ரையர், தராசு, கத்தரிக்கோல், கால்குலேட்டர் எதையும் விடமாட்டேன். சர்வர் இந்த வருடம் காலிப் பெட்டிதான், பாவம் என்று அதற்கும் வைத்தேன்.

ஜோயலுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். "கிளவுடுக்கு எங்க வைப்பீங்க மேடம் பொட்டு?" என்றார். சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

கிண்ணத்தை வைக்கப் போகும்போது சென்னியப்பன் ஓடிவந்தார். "ஏனுங்க்கா, நம்ம மூக்கை மறந்துட்டீங்களே! புதுசுங்க, அதுக்கு வெக்காம போலாமுங்களா?" உண்மைதான். போனேன். மீதிச் சந்தனம் எல்லாவற்றையும் வழித்து, வட்டமாக, நன்றாகக் கெட்டியாக வைத்து நடுவில் குங்குமம் இட்டேன். முகத்தைப் பார்த்துத்தானே வைக்க வேண்டும். லட்சணமாக இருந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

பட்டறை திறந்தது. திரையில் தொட்டி அளவு பூஜ்யம். முன்பு மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். இப்போது நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. சின்னவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக்காரர்களுடன் பேசும்போது இந்தக் கோட்டைத்தான் பெரிதாகக் காட்டினார். அவர்களும் கைதட்டினார்கள்.

பூஜை போட்டதும் தொட்டிக்கே நல்ல புத்தி வந்துவிட்டது என்று பாப்பாத்தியிடம் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

சின்னவர் புது விதி போட்டார். இதுவரை தொட்டியை ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டு, காற்றாடி ஓடவிட்டு, மேலே கயிறு பிடிக்க இரண்டு பேர் நின்றால்தான் ஒருவர் இறங்குவார். இனிமேல் பச்சை இருந்தால் உடனே இறங்கலாம், ஒருவர் போதும். அதை நான்தான் தட்டச்சு செய்து எல்லோர் போனுக்கும் அனுப்பினேன்.

அக்டோபர் 15, புதன்

சென்னியப்பன் போய்விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி விடுமுறைக்கு முன் சேற்றை அள்ள நேற்று தொட்டியில் இறங்கியிருக்கிறார். டீக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தீயணைப்புக்காரர்கள் எடுத்தார்கள். அந்த வாயு கூடினால் முதலில் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடுமாம், நாற்றம்கூடத் தெரியாதாம். பாப்பாத்தி மடிப்பு மேசையிலிருந்து கையில் துணியோடு ஓடிவந்தாள். அந்தத் துணியைக் கடைசி வரை விடவில்லை.

இன்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் தொட்டிப் பக்கம் போனேன். வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். மீட்டரில் தூசி இருந்தது. துடைத்தேன்.

மேலே வந்து திரையைப் பார்த்தேன். ஆறு. கொஞ்ச நேரத்தில் பதினொன்று. எல்லோர் போனும் ஒன்றாகக் கத்தியது. திரையை மூடிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு சிறிய சிலிண்டரிலிருந்து வாயுவை அடித்துப் பார்த்தார். மீட்டர் சரியாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் சேலையைத் தனியாக ஊறவைத்தேன். முந்தானையில் என்ன மஞ்சளாக என்று வீட்டுக்காரர் கேட்டார். சாம்பார் என்றேன்.

அக்டோபர் 18, சனி

சின்னவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, பயந்தவர்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்குதுன்னு அவங்களே எழுதிட்டாங்க்கா. ஆனா ரெக்கார்டுல பச்சைன்னு இருக்குது, அவரு அனுமதி அமுக்கினது இருக்குது. இது வெளிய போச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடிருவாங்க. முன்னூறு குடும்பமுங்க. போன்ல அப்பப்ப காட்டும், ஆனா ரெக்கார்டு சேர இன்னும் ஆரம்பிக்கல, வெறும் ட்ரையல்தான்னு சொல்லிடறேன். நீங்க இந்த அக்டோபர் மாசத்த அழிச்சுருங்க."

"அப்ப அவரு போனப் பாக்காம எறங்கினார்னு ஆயிருமுங்களே."

"போனவர் போயிட்டாருங்க. இருக்கறவங்களப் பாக்கணுமல்லங்க்கா?"

அவரிடமும் சாவி இருக்கிறது. அவரே அழித்திருக்கலாம். எப்படி என்று தெரியாது, அதனால் என்னைக் கேட்டார். முன்னூறு குடும்பத்துக்காக நானும் தலையாட்டினேன் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

தேர்வு செய்து, அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன். ஒரு மாதம் ஒளிந்திருக்கும் என்ற விஷயத்தை நான் சின்னவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். நெற்றிக்கு வைக்கச் சந்தனம் எங்கே என்று கேட்டாள். வீட்டில் இல்லை என்றேன். அலமாரியில்தான் இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

சென்னியப்பன் கருமாதி. கம்பெனி வேன் வைத்துப் போனோம். எல்லாச் செலவும் சின்னவர்தான். பாப்பாத்திக்கு அலுவலகத்திலேயே உட்கார்ந்த வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

ஊரில் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது. பந்தலில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "அவ்வளவு பெரிய மிசினு வெச்சுக் குடுத்தும் பாக்காம எறங்கினா என்ன பண்றது? தண்ணியப் போட்டிருப்பாப்ல." சென்னியப்பன் பீடிகூடக் குடிக்க மாட்டார். இலையில் வைத்ததை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

மகன் தரணி, பன்னிரண்டாவது படிக்கிறான். மொட்டை போட மாட்டேன் என்று நின்றான். பெரியவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

ஜோயல் போன் செய்தார். "மேடம், கோடு ஒண்ணு நடுவுல காணோமே, அக்டோபர் ஒண்ணுல இருந்து பதினெட்டு வரைக்கும்?" என்றார். சின்னவரைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பாப்பாத்தி வேலைக்கு வந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டாக என்ன வைக்க என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் பெயர் என்றாள்.

எல்லாக் கட்டங்களையும் காட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர், மின்சாரம், வருகை. தொட்டிக் கட்டத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவள் விரலை வைத்துவிட்டாள்.

"இதானுங்களா அவரு பாக்காதது?"

நான் மவுஸின் வயரைச் சரிசெய்தேன்.

"பச்சைன்னா எறங்கலாம், செவப்புன்னா எறங்கக்கூடாது. அவ்வளவுதானுங்களே ரேணுக்கா? இதைப் பாக்கறதுக்கு என்ன கேடு அந்த மனுசனுக்கு? ராத்திரியெல்லாம் பாத்தாரல்லங்க்கா?" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "தரணி அவங்கப்பா போட்டோவச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டானுங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். எனக்கும் ஆத்திரந்தானுங்க்கா."

நவம்பர் 8, சனி

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். போலீஸ் பயம், வேலை போகும் பயம், மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

அது தூசி இல்லை, சந்தனம். நான் வைத்தது. காய்ந்து கல் மாதிரி சல்லடையை அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன், மிச்சத்தை முந்தானையால் துடைத்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து பதினாறாம் தேதி காலை வரை அந்தக் கோடு பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தது அதனால்தான். மூன்றாம் தேதியே எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் பூஜ்யம் எப்படி வரும்? எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்தேன். ஒளித்துவைத்த இடத்தைத் திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. சென்னியப்பன் என்ற பெயர், நேரம், பச்சை, அனுமதி. ஒரு தடவை இல்லை. மூன்று தடவை பார்த்திருக்கிறார் மனுஷன், இறங்குவதற்கு முன்னால்.

திரும்ப எடுத்தேன். அழித்தது ரேணுகா, மீட்டது ரேணுகா என்று இரண்டு வரி கீழே விழுந்தது. மொத்தத்தையும் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். சந்தனத்தைப் பற்றியும் எழுதினேன். அது எந்தத் திரையிலும் இல்லை, நான் சொன்னால்தான் உண்டு. சின்னவருக்கும் ஒரு நகல். உடனே போன் அடித்தார். நான் எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பாப்பாத்தி வீட்டுக்குப் போனேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "வாங்க ரேணுக்கா" என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள், காப்பித் தண்ணி வைக்கிறேன் என்றாள். வேண்டாம், உட்கார் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, கோடு விழுந்தது, துடைத்தது, அழித்தது, திரும்ப எடுத்தது. சுவரில் போட்டோ முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அட்டையில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

"அப்ப அவரு பாத்தாருங்களா?"

"பாத்தாரு பாப்பாத்தி. மூணு தடவ."

"பச்சை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

உள்ளே பார்த்துக் கத்தினாள். "டேய் தரணி! இங்க வா. உங்கப்பன் பாத்துட்டுத்தான்டா எறங்கியிருக்காரு. மூணு தடவ பாத்தாராமாடா!"

பையன் வந்தான். மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நேராகப் போய் போட்டோவைத் திருப்பினான். கண்ணாடியில் தூசி. சட்டை நுனியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோ. சென்னியப்பன் நெற்றியில் அகலமாகச் சந்தனம். அன்று கிண்ணத்தை நீட்டியது நான்தான்.

பாப்பாத்தி போட்டோவிடம் போய் நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். நான் அங்கே இருப்பதை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். மறக்கவில்லை.

திரும்பாமலே சொன்னாள். "நீங்க போங்க, மேடம்."

இத்தனை வருடத்தில் என்னை அவள் மேடம் என்று கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் வந்தவரை யாரும் 'போங்க' என்று சொல்வதும் இல்லை, 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.